நாலு விரல் சுருட்டை

ஷஹீலா: ஆடாம இரி புள்ள. கத்தரிக்கோல் கையில ஈக்கு.

விதுஷா: ஆடலக்கா. போன்ல மணி பாத்தேன்.

ஷஹீலா: மூணாவது தடவ பாக்கிற. நமுனுகுல பஸ் நாலரைக்குத்தானே. இப்பதான் ரெண்டேகால்.

விதுஷா: பஸ்ஸுக்கு இல்ல... சரி, நீங்க வெட்டுங்க.

ஷஹீலா: வெட்ட முந்தி ஒருக்கா கண்ணாடியப் பாரு. இடுப்பு வரைக்கும் ஈக்கு. எட்டு வருசமா நான் கிரீம் பூசி நேராக்கின முடி. கலியாணத்துக்கு மொத நாள் வந்து இதே கதிரையில குந்தினியே, ஞாபகம் ஈக்கா?

விதுஷா: இருக்கு. எந்திரிச்சப்ப கண்ணாடியில யாரோ நின்னாங்க.

ஷஹீலா: அவ்வளவு அழகு.

விதுஷா: ம்... இங்க பாருங்கக்கா, இந்தத் தடம் தெரியுதா? மேல சுருட்டை, கீழ நேரா. இந்த எடத்துல சீப்பு பட்டாலே அத்துக்கிட்டு வந்துருது. காலையில தலையணை பூரா முடி. இங்க வெட்டிருங்க.

ஷஹீலா: இங்கயா? நாலு விரல் சுருட்டைதானே வளந்தீக்கு. இதுல வெட்டினா காதுக்கு மேல நிக்கும். பொடியன் மாதிரி ஈப்ப.

விதுஷா: இருந்துட்டுப் போறேன்.

ஷஹீலா: கொஞ்சம் கொஞ்சமா வெட்டுவமே. மாசம் மூணு விரல். அடுத்த வருசம் வாரப்ப முழுக்க ஒன்ட சொந்த முடி. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

விதுஷா: அது வரைக்கும் பொறுக்க முடியாதுக்கா. இன்னைக்கே.

ஷஹீலா: கடையில என்ன சொல்லுவாங்க? பண்டாரவளையில அவ்வளவு பெரிய புடவைக் கட. வாசல்ல நின்டு சாரி விரிச்சுக் காட்டுற புள்ள நீ.

விதுஷா: இப்பவே சொல்றாங்க. முதலாளி கொண்டை போட்டுக்கிட்டு வான்னு சொல்றாரு. சாரி பாக்க வந்த ஒரு அம்மா, டைபாய்டு வந்துச்சா மகளேன்னு கேட்டுச்சு.

ஷஹீலா: நீ என்ன சொன்ன?

விதுஷா: ஆமான்னேன். பாவம், உடனே ரெண்டு சாரி வாங்கிருச்சு.

ஷஹீலா: பொல்லாத ஆளு நீ... மாமி என்ன சொல்றாங்க?

விதுஷா: அத்தையா? குருவிக்கூட்ட தலையில வச்சுக்கிட்டு மலைக்கு வந்தா தேயிலைக்காவது காவலா நிக்கலாம்கிறாங்க.

ஷஹீலா: தனலெட்சுமி மாமிட வாய் அப்பிடித்தான். சரி, தலையக் குனி. வெட்டப் போறன். மறுகா அழக் கூடாது.

விதுஷா: அழ மாட்டேன்.

ஷஹீலா: ...விழுந்திச்சு. பாக்கணுமா?

விதுஷா: வேணாம். கூட்டி ஓரமாத் தள்ளுங்க... அக்கா, ஒண்ணு கேக்கட்டா?

ஷஹீலா: கேளு.

விதுஷா: இந்த ரூமுக்குள்ள வந்தாலே ஒரு நாத்தம் வருமே, அந்தக் கிரீம் நாத்தம். மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் உக்காருவேன். இன்னைக்கு இல்லையே.

ஷஹீலா: ஜன்னல் தொறந்தீக்கு.

விதுஷா: எப்பவும்தான் தொறந்திருக்கும். ராக்கைத் தட்டுலயும் ஒரு டப்பா கூட இல்ல.

ஷஹீலா: நேராக்குற வேலைய விட்டுட்டன். கைக்கு ஒத்துக்கல்ல. தோல் உரியுது.

விதுஷா: கை நல்லாத்தானே இருக்கு.

ஷஹீலா: இப்ப நல்லம்... நீ ஏன் திரும்புற? காத வெட்டிடுவன்.

விதுஷா: இருங்க, ஒரு நிமிசம். போன்ல ஒரு கோல் எடுத்துப் பாக்குறேன்.

ஷஹீலா: ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் இடுப்பு வரைக்கும் தொங்குது. இந்தக் கோலத்துல யாருக்கு போன்?

விதுஷா: ரஜீவுக்கு. வீடியோ இல்லக்கா, சும்மாதான்... அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறாரு. காலையில இருந்து எடுக்கல.

ஷஹீலா: ஒன்ட மாப்புள லொறி ஓட்டுற மனுசன். வளைவு வளைவா ஈக்கிற ரோட்டுல எப்பிடி போன் எடுக்கிறது?

விதுஷா: இன்னைக்கு லொறி இல்ல. லீவு போட்டுட்டுப் போயிருக்காரு.

ஷஹீலா: எங்க?

விதுஷா: ...மறு பக்கத்த வெட்டுங்கக்கா.

ஷஹீலா: வெட்டுறன். எங்க போயீக்காரு?

விதுஷா: நீங்க கத்தரிக்கோல எடுத்து அர மணி நேரம் ஆச்சு. என் முடியப் பத்திக் கேட்டீங்க, கடையப் பத்திக் கேட்டீங்க, அத்தையப் பத்திக் கேட்டீங்க. எம் புள்ள கவிஷ்னா எப்பிடி இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல. போன வருசம் வந்தப்ப அவளுக்குன்னு டொபி எடுத்து வச்சிருந்தீங்க.

ஷஹீலா: ...கேள்விப்பட்டன் விது. கேக்க வாய் வரல்ல.

விதுஷா: யாரு சொன்னா?

ஷஹீலா: ஹாலிஎல சின்ன ஊருதானே. ஆஸ்பத்திரியில கண்ட ஆள் சொல்லிச்சு. இப்ப எப்பிடி புள்ளைக்கு?

விதுஷா: காயம் ஆறிருச்சு. போன வாரம் கிளினிக் போனோம். உச்சியில உள்ளங்கை அளவு எடத்துல இனி முடி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு வயசுக்கா... அவளுக்கு அப்பிடியே என் முடி. தண்ணி தெளிச்சா சுருண்டு சுருண்டு நிக்கும்.

ஷஹீலா: எப்பிடி நடந்திச்சு விது?

விதுஷா: அன்னைக்கு நான் பீலித் தண்ணியில துணி அலசிக்கிட்டு இருந்தேன். வீட்டுல யாரும் இல்ல. இவ கதவச் சாத்திக்கிட்டு, எங்கிட்ட பாத்த மாதிரியே, அந்தக் கிரீம ஒரு சீப்பால தொட்டுத் தொட்டுப் பூசியிருக்கா. எரிஞ்சிருக்கு. ஆனா கூப்பிடல. ஏன்னு கேட்டேன். எரிஞ்சாத்தானே அம்மா மாதிரி நேரா வரும்னு சொன்னா. நான்தான் அப்பிடிச் சொல்லியிருக்கேன். பூசுறப்ப என்னான்னு கேட்டா, கொஞ்சம் எரியும், எரிஞ்சாத்தான் நேரா வரும்னு...

ஷஹீலா: போதும் விது.

விதுஷா: பீலிக்கடியில தலையக் காட்டி, தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தேன். முடி கையோட வந்துச்சு. இப்ப அவ கண்ணாடி பக்கம் போறதில்ல. போன வாரம் கேக்குறா, அம்மாவுக்கு மட்டும் ஏன் முடி இருக்குன்னு. அதுக்குத்தான் வந்தேன். மொட்டை அடிச்சுக்கலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் தோணுச்சு, மொட்டை எதுக்கு? அவளுக்கு இருந்த முடிதானே எனக்கும் இருக்கு. அத அவ பாக்கட்டும்.

ஷஹீலா: ...கண்ண மூடு. முன்னுக்கு வெட்டுறன், முடி விழும்.

விதுஷா: அவ எடுத்த கிரீம் கப்பு உங்க கப்புக்கா.

ஷஹீலா: தெரியும்.

விதுஷா: மாசா மாசம் நமுனுகுலயில இருந்து வர முடியலன்னு நான்தான் கேட்டேன். மிச்சத்த யோகட் கப்புல அள்ளித் தந்தீங்க. வேருக்கு மட்டும் பூசு, உசரத்துல வையின்னும் சொன்னீங்க. நான் அடுப்பாங்கரப் பலகையில வச்சிட்டேன். அவ கைக்கு எட்டும்னு தெரிஞ்சே வச்சேன்... அவசரம்.

ஷஹீலா: ரஜீவ் தம்பிக்கு என்ன சொன்ன?

விதுஷா: அதுதான்... உங்க பேரச் சொல்லல. டாக்டருக்கிட்ட என்ன கிரீம்னு மட்டும் சரியாச் சொன்னேன், மருந்துக்கு வேணும்ல. எங்க வாங்கினன்னு ரஜீவ் கேட்டப்ப, பதுளை சந்தையில குடைக்குக் கீழ உக்காந்திருந்த ஒரு ஆள்கிட்டன்னு சொல்லிட்டேன்.

ஷஹீலா: என்னத்துக்கு என்னக் காப்பாத்தின?

விதுஷா: உங்கள இல்லக்கா. உங்க பேரு வந்தா கப்பு வரும். கப்பு வந்தா பலகை வரும். விக்கிறவன் ஏமாத்திட்டான்னு சொன்னா எல்லாக் கோவமும் அவன் மேல போயிரும்ல. எம்மேல வராதுல்ல.

ஷஹீலா: ...இந்தா, துண்டால மொகத்தத் தொட.

விதுஷா: கொஞ்ச நாள் தேடினாரு. சந்தைக்குப் போயி குடைக்குக் குடை கேட்டாரு. அப்புறம் விட்டுட்டாரு. போன வாரம் டாக்டர் சொன்னாருல்ல, அதுல இருந்து மறுபடி தூக்கமில்ல. லொறியில இருந்து எறங்கினதும் தேடத்தான் போறாரு. பக்கத்து வீட்டு கருப்பம்மா அக்கா மகன் கிட்ட சொல்லியிருக்காரு, ஆள் கெடச்சா கைய ஒடிச்சிட்டுத்தான் போலீசுக்குக் கொண்டு போவேன்னு.

ஷஹீலா: இல்லாத ஆள எப்பிடிப் புடிக்கிறது? தேடிக் களைச்சிட்டு வந்துருவாரு.

விதுஷா: நானும் அப்பிடித்தான் இருந்தேன். செவ்வாக்கிழம வந்து சொல்றாரு, அடையாளம் கெடச்சிருச்சின்னு. கட்டையான ஆளாம். ஒரு கால் நொண்டியாம். பழுப்பு பேக்காம். இப்ப பசறைப் பக்கம் போயிட்டானாம். நான் சொன்னது ஒரு குடை மட்டும்தான். நானே உண்டாக்கின ஆளுக்குக் கால் எங்க இருந்து வந்துச்சு, பேக் எங்க இருந்து வந்துச்சு? யாரு சொன்னான்னு கேட்டா, தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு.

ஷஹீலா: நீ அப்பவே உண்மையச் சொல்லியிருக்கலாமே.

விதுஷா: சொல்லலாம்னு வாயெடுத்தேன். முடியல. இன்னைக்கு விடிய ஆறு மணிக்கு பசறை பஸ்ஸுல ஏறிட்டாரு. நான் இங்க வந்து குந்தி முடி வெட்டிக்கிறேன்.

ஷஹீலா: ...முடிஞ்சிச்சு. பாரு.

விதுஷா: கழுத்துல காத்து படுதுக்கா.

ஷஹீலா: என்ன? நல்லா இல்லையா? ஈரம் காஞ்சா இன்னும் சுருளும். பெரிய பல்லு சீப்பால மட்டும் வாரு, அதுவும் ஈரத்துல. எண்ணெய் கொஞ்சம் போதும்.

விதுஷா: தலையே இல்லாத மாதிரி இருக்கு... கவிஷ்னா வளந்தா இப்பிடித்தான் இருப்பா போல.

ஷஹீலா: ஓம். அதே நெத்தி.

விதுஷா: வீட்டுக்குப் போனதும் தொட்டுப் பாக்கச் சொல்லணும்... அக்கா, போன். அவருதான். எடுங்க, அந்த மேசையில இருக்கு. கழுத்தெல்லாம் முடி எனக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க.

ரஜீவ்: விது... விது, கேக்குதா? ஆள் கெடச்சிட்டான்.

விதுஷா: என்னாங்க சொல்றீங்க? எங்க இருக்கீங்க?

ரஜீவ்: பசறை டவுன்ல. காலையில இருந்து கடை கடையா கேட்டு அலைஞ்சேன். அதே ஆளுதான். நொண்டிக் காலு, பழுப்பு பேக்கு. பேக்குள்ள சீப்பு, கிளிப்பு, கிரீமு. சட்டையப் புடிச்சிட்டேன். நான் அப்பிடி ஒரு சாமான் வித்ததே இல்ல, பதுளை சந்தையில குந்தினதே இல்லன்னு அழுவுறான். சனம் கூடிருச்சு. நாலு பேரு அடி போட்டுட்டாங்க. வாயில ரத்தம் வருது.

விதுஷா: விடுங்க அவர. அவர் இல்ல.

ரஜீவ்: நீ பாக்காமலே எப்பிடிச் சொல்ற?

விதுஷா: நான் சந்தையில வாங்கலங்க. யாருக்கிட்டயும் வாங்கல. அப்பிடி ஒரு ஆளே இல்ல. நான் பொய் சொன்னேன்.

ரஜீவ்: ...பயப்படாத. கேசு கோர்ட்டுன்னு போனா நான் பாத்துக்கிறேன்.

விதுஷா: பயமில்லங்க. அந்தக் கப்ப அவ கைக்கு எட்டுற எடத்துல வச்சது நான். அத மறைக்கத்தான் சொன்னேன். அந்த மனுசன விட்டுருங்க.

ரஜீவ்: பொய்யின்னா எப்பிடி அப்பிடியே பொருந்துது? நீ குடைன்னு மட்டும்தானே சொன்ன. மிச்சம் பூராத்தையும் அந்த பார்லர் ஷஹீலாக்கா சொன்னாங்களே. செவ்வாக்கிழம அவங்க வாசல்ல நின்னுதானே கேட்டேன். இந்தத் தொழில்ல இருக்கிறவங்க, அவங்களுக்குத் தெரியாதா?

விதுஷா: ...அக்கா?

ஷஹீலா: இரு விது, நான் கதைக்கிறன்... தம்பி, நான் ஷஹீலா. அவருட சட்டைய விடுங்க, சனத்தையும் விலக்குங்க. அவர் பேரு இத்ரூஸ். மாசத்துல ஒருக்கா எனக்குச் சீப்பும் கிளிப்பும் கொண்டு வந்து தார மனுசன், ஒரு குத்தமும் செய்யல்ல. கிரீம யோகட் கப்புல அள்ளி, மேல ஒரு பேரும் எழுதாம, விதுட கையில குடுத்தது நான்... நீங்க வாசல்ல வந்து நின்டு, அப்பிடி ஒரு ஆளத் தெரியுமான்னு கேட்டப்ப, நான்தான்னு சொல்ல ஏலாமப் போச்சு. அன்டைக்குக் காலையில அவர் வந்துட்டுப் போயீந்தாரு, என்ட வாயில அவர்தான் வந்தாரு. உங்களுக்கு மறுகா எல்லாம் சொல்றன், இங்க வாங்க, நான் எங்கயும் போக மாட்டன். இப்ப அந்தப் போன அவருட காதுல வைங்க தம்பி. மொதல்ல அவருக்குச் சொல்லணும்.