மூன்றாவது பிள்ளை

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபையின் மூப்பர்களே, உதவிக் குழுவின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் செக்கர் ஐயாவின் மகனே, மருமகளே, பேருந்துப் பணிமனையிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் அவருடைய பழைய தோழர்களே, இத்தனை நாற்காலி காலியாக இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே இருக்கிற கீழ் வீட்டு அக்காவே, மாடி வீட்டு அக்காவே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அக்கா, தயவுசெய்து உட்காருங்கள். நான் பேசப் போவது உங்களைப் பற்றியும்தான்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் செக்கர் ஐயாவை அன்பின் ஊற்று என்றார்கள், அணையாத தீபம் என்றார்கள். அவர் கேட்டிருந்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "யாரைப் பத்திப்பா பேசுறாங்க?" என்று விசாரித்திருப்பார். சனிக்கிழமைதோறும் அவரோடு வீடு வீடாகப் போன எனக்கும் அதே சந்தேகம்தான்.

சனிக்கிழமை உதவிப் பணிக்கு இனி செக்கர் ஐயாவின் பெயர் சூட்டப்படும் என்று செயலாளர் அவர்கள் சற்று முன்பு அறிவித்தார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அந்தப் பணியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மூன்று பிள்ளைகளாவது இருக்கும் குடும்பத்துக்குத்தான் மளிகைப் பை கொடுக்கப்படும். அதை எடுத்துவிடுங்கள் என்று செக்கர் ஐயா கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். எடுக்காமலே அவரை அனுப்பிவிட்டோம். அந்த நிபந்தனை இன்றும் இருக்கிறது. அதன் தலைக்கு மேலேயா அவர் பெயரை எழுதப் போகிறீர்கள்?

அவரைத் தெரியாதவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். பேருந்துகளில் பயணச்சீட்டு சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நடுவழியில் ஏறி, முகத்தைப் பார்த்தே சீட்டு எடுக்காதவரைப் பிடித்துவிடுவாராம். பணிமனைத் தோழர்கள் சிரிக்கிறீர்கள். அப்படியென்றால் உண்மைதான் போலிருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு மனைவியும் காலமாகிவிட்டார். அதன் பிறகு அவருக்குப் பரிசோதிக்க மிஞ்சியது சொந்த வீடு ஒன்றுதான். பாலில் தண்ணீர் இருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா, மகன் ஏன் தாமதமாக வருகிறான்! "எங்க வீட்டுல எல்லாரும் டிக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் உக்காரணும்" என்று மருமகள் ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, "பாவம், மாமாவுக்கு எங்க இறங்குறதுன்னு தெரியல" என்றார்.

ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்தியிருந்தார். மனைவி உட்காரும் பெஞ்சைத் தாண்டிப் போக முடியவில்லை என்றார். போதகர் ஐயா அவரைத் தேடிப் போனார். ஆறுதல் சொல்லவில்லை. வேலை ஒன்று சொன்னார். "உதவி வாங்குற வீடுகள்ல சிலர் ஏமாத்துறாங்கன்னு குழுவுல பேச்சு. உங்க கண்ணு எங்களுக்கு வேணும்."

நாம் அவரை அழைத்தது அப்படித்தான், அன்பானவர்களே! கொடுப்பதற்கு அழைக்கவில்லை. பிடிப்பதற்கு அழைத்தோம். அதையும் ஆண்டவர் பயன்படுத்திக்கொண்டார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை. நம்முடையது அல்ல.

வீடுகளுக்கு இருவர் இருவராகப் போவது எங்கள் வழக்கம். செக்கர் ஐயாவோடு சேர யாருக்கும் துணிச்சல் இல்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் என்பதால் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது சொல்லப்போவதை இந்த இரண்டு அக்காக்களிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "தாராளமா சொல்லு. தெரிஞ்சுதானே எங்களை லிஸ்ட்லேருந்து வெட்டினாங்க? அப்புறம் என்ன மானம் போகப் போகுது?" என்றார் மாடி வீட்டு அக்கா.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய அடுக்குக் கட்டடம் அது. கைப்பிடி உடைந்த படிக்கட்டு. ஒவ்வொரு தளத்திலும் தண்ணீர் வாளிகளின் வரிசை. கீழே இருப்பவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். மேலே இருப்பவர் மருத்துவமனைச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறார். முதலில் கீழ் வீட்டுக்குப் போனோம். இரண்டு பையன்கள், ஒரு சிறுமி. அக்கா அந்தச் சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கம் அவிழ்ந்து கிடந்தது. நலம் விசாரித்தோம், ஜெபித்தோம், பையைக் கொடுத்துவிட்டுப் படியேறினோம்.

மேல் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். தூளியில் ஒரு குழந்தை. சுவரோரம் ஒரு பையன் மூச்சிரைக்க நின்றான். அவன் பக்கத்தில் ஒரு சிறுமி. ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் அவிழ்ந்த கூந்தல்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. செக்கர் ஐயா அவள் முன்னால் குனிந்தார்.

"உன் இன்னொரு ஜடை எங்கம்மா போச்சு?"

"அதை அம்மா போடுவாங்க. இங்க வந்துதான் போடணும்."

"அப்படியா! நீ எந்த வீட்டுப் பொண்ணு?"

"மத்த நாள்ல இந்த வீடு. சனிக்கிழமை ரெண்டு வீடும்" என்றாள் அவள், பெருமையாக.

கட்டடத்தின் பின்பக்கம் ஓர் இரும்பு ஏணிப்படி உண்டு. நாங்கள் கீழே கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது இவளும், கீழ் வீட்டுப் பையன்களில் ஒருவனும் அதன் வழியாக மேலே ஓடி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது இரண்டு பிள்ளைகள்தான். மூன்றாவது பிள்ளையை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

மாடி வீட்டு அக்கா மறைக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பிடிச்சிட்டீங்கல்ல? போய்ச் சொல்லிக்கோங்க. புள்ளைங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. மூணு புள்ள இருந்தாதான் பசிக்கும்னு உங்க சபையில முடிவு பண்ணியிருக்காங்க. அது இதுங்க ரெண்டுக்கும் தெரியல சார். வேளைக்கு வேளை பசின்னு வந்து நிக்குதுங்க. புருஷனும் போய்ச் சேர்ந்தாச்சு, மூணாவதுக்கு நான் யாரைப் போய்க் கேட்கட்டும்?"

செக்கர் ஐயா பையை வைத்துவிட்டு இறங்கினார். பாதிப் படியில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பஸ்ல ஒருத்தன் மாட்டிக்கிட்டா, பக்கத்து சீட்டுக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிப்பான்மா. என் சர்வீஸ் பூரா நான் பார்த்தது அதுதான். இங்க பாரு, பெத்த புள்ளையை ஓடவிட்டு அடுத்த வீட்டுக்குப் பை வாங்கிக் கொடுக்குறாங்க. இதுக்கு என்னத்தைன்னு ஃபைன் போடுறது?"

அன்றைக்குத்தான் அவர் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார் என்று நான் நினைக்கிறேன். "சனிக்கிழமைன்னு ஒரு கிழமை இருக்கிறதே எனக்கு மறந்து போயிருந்தது. இப்ப வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்க்கக் கொடுத்துடறேன்" என்றார் ஒருநாள். மனைவியின் பெஞ்சைத் தாண்டிப் போக முடியாதவர், அதே பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஆனால் அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார்! நான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. சொன்னால் இவர்களுக்குப் புரியும், நிபந்தனையை எடுத்துவிடுவார்கள் என்று அந்த மனிதர் நம்பினார்.

செயலாளர் அவர்களே, நீங்கள் சொன்ன வார்த்தைகள் எனக்கு நினைவிருக்கின்றன. "சபாஷ் ஐயா, இதுக்குத்தான் உங்களைப் போட்டோம்" என்றீர்கள்.

"நான் பிடிச்சது அவங்களை இல்லீங்க. நம்ம கண்டிஷனை" என்றார் அவர்.

"ஏமாத்தினாங்கன்னு நீங்களேதானே சொல்றீங்க?"

"ஆமா, ஏமாத்தினாங்க. ஏமாத்தினாத்தான் சாப்பாடுன்னு நாம வெச்சிருந்தா வேற என்ன செய்வாங்க?"

நானும் எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பாப்பா, நீ உக்காரும்மா, பெரியவங்க பேசிக்கிறோம்" என்றார்கள். பெரியவர்கள் பேசினார்கள். இரண்டு வீடுகளையும் நீக்கினார்கள்.

பைகள் குறைவு, வாய்கள் அதிகமுள்ள வீட்டுக்கு முதலில் போகட்டும் என்று யோசித்துத்தான் அந்த நிபந்தனையைப் போட்டிருப்பீர்கள். போட்டது தவறென்று நான் சொல்லவில்லை. அது இரண்டு பிள்ளைகளைப் பசியோடு படியேறி ஓடவைக்கிறது என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தோமே, அதை என்னவென்று சொல்வது? எந்த வேதத்தில் இருக்கிறது, பசிக்குப் பிள்ளைக் கணக்கு?

செக்கர் ஐயா, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் சொன்னீர்கள்? சொல்லாமல் விட்டிருந்தால் இன்றும் இரண்டு வீட்டுக்கும் பை போயிருக்குமே! அன்று வெளியே வந்ததும் கேட்டேன், இதே கோபத்தோடு. "நான் மறைச்சா அடுத்து வர்ற செக்கர் பிடிப்பான். அதுங்க எத்தனை காலம் ஓடும்? ஓட வேண்டியதே இல்லைன்னு ஆகணும்மா" என்றார். ஆனாலும் கோபம் போகவில்லை.

அதன் பிறகு சபையின் பைகளைச் சபை சொன்ன வீடுகளுக்குக் கொடுத்தார். தன் கைக்காசில் வாங்கிய இரண்டு பைகளோடு அந்தக் கட்டடத்துக்குத் தனியாகத் திரும்பிப் போவார். தனியாகப் போகக் கூடாது என்று நான் ஒட்டிக்கொள்வேன். பையை வைத்துவிட்டு ஓடிவருகிறவர் அல்ல. இஸ்திரிப்பெட்டியின் ஒயரைச் சுற்றிக் கொடுப்பார், தூளியை ஆட்டுவார், சிறுமியின் வாய்ப்பாட்டில் தப்புக் கண்டுபிடிப்பார். "நீங்க வந்தா எங்களுக்குப் பை வருது, அவளுக்குப் பரீட்சை வருது" என்பார் மாடி வீட்டு அக்கா. வீட்டில் யாருக்கும் பிடிக்காத அந்தக் குணத்துக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

ஜெபிக்கச் சொன்னால் முதலில் என்னைத் தள்ளிவிடுவார். "நீ பண்ணும்மா, எனக்கு மேலிடத்துல செல்வாக்கு இல்லை." பிறகு ஒருநாள், கீழ் வீட்டுப் பையன் காய்ச்சலில் கிடந்தபோது, தானாகவே கைகூப்பினார். "ஆண்டவரே, இந்த வீட்டை நீர் பார்த்துக்கொண்டே இருக்கிறீர். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்துவிடாதேயும். ஆமென்." அவ்வளவுதான். நான் கேட்ட ஜெபங்களில் அதைவிட நேரான ஒன்று இல்லை.

கால் வீங்க ஆரம்பித்தது. பாதிப் படியில் நின்று, செருப்பில் கல் மாட்டியதைப்போல் குனிந்துகொண்டு மூச்சு வாங்குவார். மருத்துவரைப் பாருங்கள் என்று மகனும் மருமகளும் கெஞ்சினார்கள். நானும் சண்டை போட்டேன். "இந்த மாசக் கூட்டத்துல எப்படியும் எடுத்துடுவாங்க. முடிச்சுட்டு நிம்மதியாப் போறேன்" என்பார். அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்பார். ஒருவர் மின்விசிறியைப் பார்ப்பார். இன்னொருவர் கைப்பேசியைப் பார்ப்பார். "மூணு புள்ளைக்காரர் ஆரம்பிச்சுட்டார்" என்று யாரோ கிசுகிசுப்பார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். அவர் உட்கார்ந்துவிடுவார். போன வாரம் அந்த இதயம் நின்றுவிட்டது. என்ன பொறுமை ஐயா அவருக்கு! எனக்கு அது இல்லை. ஆண்டவர் அதை எனக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

இரங்கல் தீர்மானம் இன்னும் வாசிக்கப்படவில்லை. அதில் ஒரு வரியைச் சேர்க்கும்படி இந்தச் சபையைக் கேட்கிறேன். உதவி கேட்டு வருகிறவரிடம் இனி பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கமாட்டோம். நீக்கிய இரண்டு வீடுகளையும் திரும்பச் சேர்க்கிறோம். இவ்வளவுதான். எல்லோருக்கும் பை போதாதே என்பீர்கள். போதாதுதான். போதாததை என்ன செய்வது என்று அந்த அக்காக்களையும் கூட வைத்துப் பேசுவோம். ஒரு பிள்ளையை இரண்டு வீட்டுக்குப் பங்கிட்டவர்களுக்கு அது நம்மைவிடத் தெரிந்திருக்கலாம். அந்த வரி இருந்தால் அவர் பெயரைச் சூட்டுங்கள். பலகையை மாட்ட நானே ஏணியைப் பிடிக்கிறேன். இல்லையென்றால் பெயரை விட்டுவிடுங்கள். அது அவருடைய பிள்ளைகளிடம் பத்திரமாக இருக்கும்.

வருகிற சனிக்கிழமை நான் அந்தக் கட்டடத்துக்குப் போவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். அவர் விட்ட இடத்திலிருந்து நான் செய்யக்கூடியதாக எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இதை உங்கள் முன்னால் உறுதியாகச் சொல்கிறேன். கையில் என்னுடைய பையோடு போவதா, சபையின் பையோடு போவதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. செக்கர் ஐயாவுக்கு மௌனத்தை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அவர் எழுந்து கேட்ட ஒவ்வொரு கூட்டத்திலும், ஒரு குறையும் இல்லாமல் கொடுத்தோம்.

எழுந்து நில்லுங்கள். மௌனமாக நிற்காதீர்கள்.