பின்னால் போன முகுதோரி

தன் சாப்பாட்டுக் கடை அடுப்பை அரைநாள் அணைத்துவிட்டு, விலாங்கு மீன் வறுவல் வாசத்தோடு வந்து இந்த ஆசனத்தை அலங்கரிக்கும் அவைத் தலைவர் இசோபே அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் முதுபெரும் மெக்கானிக்குகளே, பெரியோர்களே! எண்ணெய்க் கறைச் சட்டைகளை முப்பது ஆண்டுகளாகத் துவைத்துத் துவைத்து, "இந்த வண்டி முக்கியமா, நான் முக்கியமா" என்று ஒருமுறையாவது கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டபிறகும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் பொறுமைமிகு தாய்மார்களே! ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! உதிரிபாகக் கடைக்காரி தெராதா புமியின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். இருபத்தோராவது நிமிடம் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்துவிடுவாராம். பெட்டிக்குள் விலாங்கு. ஆகவே என் பேச்சை யார் கேட்பார்கள், எவ்வளவு நேரம் கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவையோரே, இந்தச் சின்ன டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளிடம் அப்படி என்னதான் இருக்கிறது? எதற்காகத் தூரத்து ஒகாயாமாவிலிருந்தும் நிகாதாவிலிருந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்? அழகா? அதைவிட அழகான வண்டிகள் ஆயிரம். வேகமா? இன்றைய வண்டி முந்திக்கொண்டு போகும்போது முகத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காது. சத்தமா? அதைப் பற்றி அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அப்புறம் எதற்காக?

உலகப் போர் முடிந்த நேரம். ரயிலில் ஏற இடமில்லை. ஜன்னல் வழியாக ஏறிய காலம் அது. பட்டாளத்து ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்த குட்டி எஞ்சின்கள் குப்பையாகக் கிடந்தன. எடுத்தார்கள், துடைத்தார்கள், சைக்கிளில் மாட்டினார்கள். பெட்ரோல் கிடைக்காத நாளில் பைன் மரத்து வேரிலிருந்து எடுத்த எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். தறி செய்தவர் செய்தார், தையல் எந்திரம் பழுதுபார்த்தவர் செய்தார், ஒன்றுமே செய்யத் தெரியாதவரும் "செஞ்சுதான் பாப்போமே" என்று செய்தார். இந்த ஒரே ஊரில் முப்பதுக்கு மேற்பட்ட பட்டறைகள்! விடிந்தால் ஒரு பெயர்ப்பலகை ஏறும், பொழுது சாய்ந்தால் ஒன்று இறங்கும்.

ஏன் எல்லோரும் டூ ஸ்ட்ரோக்கையே பிடித்துக்கொண்டார்கள்? ஏனென்றால் அதற்குள் அசைகிறவை மூன்றே மூன்று. பிஸ்டன் ஒன்று, அதைத் தாங்கும் தண்டு ஒன்று, சுற்றுகிற சக்கரம் ஒன்று. மற்ற எஞ்சினுக்கு வால்வு என்று ஒரு கதவு உண்டு, கதவைத் திறக்க ஆள் உண்டு, ஆளை எழுப்ப இன்னொரு ஆள் உண்டு. நம் எஞ்சினுக்குக் கதவே கிடையாது. சுவரில் ஓட்டைகள், அவ்வளவுதான். பிஸ்டன் மேலே போனால் ஒன்று மூடும், கீழே வந்தால் ஒன்று திறக்கும். இல்லாதவன் வீட்டுக்கு ஏற்ற எஞ்சின்.

என்ன சொல்கிறார் அந்தத் தம்பி? புகையா? ஆமாம், புகையும். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து குடிக்கிறது, புகையாமல் என்ன செய்யும்? உன் அப்பாவும் குடித்துவிட்டுத்தான் புகைத்தார். உட்கார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, மே மாதம். எனக்கு இருபது வயது. ககேயாமா என்பவர் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளியையும் சேர்த்துப் பதினான்கு பேர். நாங்கள் செய்த வண்டிக்கு 'முகுதோரி' என்று பெயர். மைனா இனத்துப் பறவை அது. கூட்டமாக உட்கார்ந்தால் ஊரே காதைப் பொத்தும். பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. என் வேலை ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்குக் கம்பி சுற்றுவது, அந்த மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட்டைப் பொருத்தி வைப்பது, எந்த நொடியில் ஸ்பார்க் விழவேண்டும் என்று டைமிங் பார்ப்பது. அதற்குமுன் பதின்மூன்று வயதிலிருந்து ஆறு வருடம் தறிக் கொட்டகையில் கிடந்தேன். மூக்கிலே பஞ்சு, காதிலே இரைச்சல், கண்ணெதிரே ஒரே நூல். அங்கே ஒரு நாளும் யாரும் "இது ஏன் இப்படி" என்று கேட்டதில்லை. பட்டறைக்கு வந்த முதல் நாளே நான் பத்து முறை கேட்டேன், பத்துக்கும் பதில் சொன்னார்கள். இனி செத்தாலும் தறிக்குத் திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த மே மாதம் குரோமாத்சு கணவாயில் மலையேற்றப் பந்தயம். சைக்கிள் கடைக்காரர் சங்கத்தார் வந்து பார்ப்பார்கள். எந்த வண்டி அவர்களுக்குப் பிடிக்கிறதோ அதுதான் மூன்று மாநிலத்துக் கடைகளில் நிற்கும். பதினொரு பட்டறைகள், பதினொரு வண்டிகள், பதினொன்றும் டூ ஸ்ட்ரோக். காலையில் ஒரு ஓட்டம், மதியம் ஒரு ஓட்டம். எஞ்சினை அணைத்துவைத்து, கொடி விழுந்தபிறகுதான் உதைத்துக் கிளப்பவேண்டும்.

எங்கள் ஓட்டுநர் நொசுவே. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். பயம் என்பதே கிடையாது. கொடி விழுந்தது. உதைத்தார். எஞ்சின் பிடித்தது. கியரைப் போட்டார், கிளட்சை விட்டார். பத்து வண்டிகள் மலையை நோக்கிப் பாய்ந்தன. எங்கள் முகுதோரி? அது பின்னால் போனது, அவையோரே. சிரிக்காதீர்கள். முழு ஆக்சிலேட்டரில் பின்னால் போனது. எங்களுக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சங்கத் தலைவர் ஹொத்தா, எழுபது வயதுப் பெரியவர், புதுத் தேயிலையில் போட்ட தேநீரை அப்போதுதான் உதட்டுக்குக் கொண்டுபோனார். மேசை ஒரு பக்கம், தேநீர் ஒரு பக்கம், ஹொத்தா ஒரு பக்கம். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. மலையே சிரித்தது.

நொசுவே எழுந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் முன்னாடி பாத்துதான் உக்காந்திருந்தேன். சத்தியமா முன்னாடிதான்."

ககேயாமா அவரிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"புமி, டைமிங் வெச்சது யாரு?"

"நான்தான் முதலாளி."

"நாளையிலேர்ந்து தறிக்கே போயிடு. அங்க நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். இங்க பதினாலு அடுப்பு எரியணும்."

அவையோரே, என் புத்தியின் லட்சணத்தைப் பாருங்கள். வேலை போன துக்கத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் குடைகிறது. ஏன் பின்னால் போனது? எப்படிப் போகமுடியும்?

சோற்று உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்த நொசுவேயிடம் போனேன்.

"அண்ணே, எப்படி உதைச்சீங்க?"

"காலாலதான்."

"முழுசா கீழ வரைக்கும் உதைச்சீங்களா?"

"நீ என்ன எனக்கு உதைக்கக் கத்துக்குடுக்கிறியா? நான் உதைக்க ஆரம்பிச்சப்போ உனக்கு மூக்கு ஒழுகிட்டிருந்துச்சு."

"மலையில வேகம் கிடைக்கும்னு காலையில டைமிங்கைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்கச் சொன்னீங்க. வெச்சேன். அது முதலாளிக்குத் தெரியாது."

அவர் சோற்றை மெல்லுவதை நிறுத்தினார். "சொல்லப்போறியா?"

"முதல்ல என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியணும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு கோயில் முற்றத்துக்குப் போனேன். உதைத்தேன், ஒழுங்காகக் கிளம்பியது, முன்னால் போனது. மறுபடி உதைத்தேன், முன்னால். எட்டு முறை உதைத்தேன், எட்டும் முன்னால். ஒன்பதாவது உதையில் என் மரச்செருப்பு வழுக்கியது. பாதி உதைதான் விழுந்தது. எஞ்சின் ஒரு தும்மு தும்மிவிட்டு ஓட ஆரம்பித்தது. சத்தம் மட்டும் வேறு. ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற மாதிரி. கியரைப் போட்டேன். வண்டி என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஒரு கல்விளக்கில் சாய்த்தது. அழவேண்டிய நேரத்தில் நான் சிரித்தேன்.

புரிந்துவிட்டதா? பிஸ்டன் உச்சிக்கு ஏறுமுன்பே ஸ்பார்க் விழுகிறது. முழு உதை என்றால் அந்த வேகத்தில் ஏறித் தாண்டிவிடும். அரை உதை என்றால் வெடிப்பு அதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பினால் எஞ்சின் நிற்கவேண்டாமா? நிற்காது. சுவரில் இருக்கும் ஓட்டைக்கு முன் எது, பின் எது? அது பாட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றும்.

அதற்குள் வேலியோரம் ஒருவர் நின்றார். எங்களோடு போட்டிக்கு வந்த பட்டறையின் மெக்கானிக்.

"என்ன பொண்ணே, மறுபடியும் பின்னாடி போற?"

"உங்களதும் போகும்."

"எங்களதா? எங்க வண்டி அப்படியெல்லாம் பண்ணாது."

"கொண்டு வாங்க பாப்போம்."

கொண்டு வந்தார். அரை உதை உதைத்தேன். இரண்டாவது முயற்சியில் அவர் வண்டி அவரையே தேடிப் பின்னால் வந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடி, இன்னொரு பட்டறைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் இன்னொருவரை அழைத்து வந்தார். காலையில் ஒருவர் எஞ்சினை ஒருவர் பார்த்துவிடக்கூடாதென்று துணி போட்டு மூடி வைத்திருந்தவர்கள், அவையோரே! கோயில் முற்றத்தில் தோளோடு தோள் உரசி, "இன்னும் மெதுவா உதை", "பாயிண்டைக் கொஞ்சம் திருப்பு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றில் ஒன்பது பின்னால் போயின. போகாத இரண்டு வண்டிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்களது மட்டும் ஏன் போகல" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். மதிய ஓட்டம் ஒரு மணி நேரம் தாமதம். கேட்பாரில்லை.

தேநீர்க் கறையோடு ஹொத்தா வந்தார். கூடவே ககேயாமாவும் வந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் ககேயாமா.

சொன்னேன். பிறகு நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு இதையும் சொன்னேன்: "டைமிங்கை அளவுக்கு மேல முன்னாடி தள்ளி வெச்சது நான்தான் முதலாளி. அது என் தப்புதான்."

"யாரு சொல்லி வெச்ச?"

நொசுவேயின் பெயரைச் சொன்னால் அவர் இருக்கை போய்விடும். சொல்லாவிட்டால் நான் தறிக்குப் போகவேண்டும். மனிதர்மேல் கோபம்தான் எனக்கு, மறைப்பானேன். ஆனாலும் நாக்கு வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொசுவே முன்னால் வந்தார். காற்சட்டையை மேலே சுருட்டினார். முட்டி, பரங்கிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"நான்தான் வைக்கச் சொன்னேன். பத்து நாளா முட்டி இப்படி இருக்கு. சொன்னா வேற ஆளை ஏத்திடுவீங்கன்னு சொல்லல. அரை உதைதான் விழுந்துச்சு. பொண்ணை விட்டுடுங்க."

ககேயாமா குனிந்து அந்த முட்டியைப் பார்த்தார். "சரி, நீ உக்காந்து காயில் சுத்து. வண்டியை நானே ஓட்டுறேன்."

ஓட்டினார். ஐம்பத்தோரு வயது, அரிசி மூட்டை போன்ற உடம்பு. நான் டைமிங்கைச் சரிசெய்து கொடுத்தேன். முகமெல்லாம் கரியோடு, பதினோராவதாக, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பரிசு வேறு பட்டறைக்குப் போனது. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஹொத்தா கைத்தடியை ஊன்றி வந்து எங்கள் முன் நின்றார்.

"காலையிலேர்ந்து பத்து பேரு வந்து, எங்க வண்டி கெட்டுப்போகாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். கெட்டுப்போகாத வண்டின்னு ஒண்ணு இன்னும் பொறக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ககேயாமா. நாளைக்கு என் கடையில உங்க வண்டி ஏதாவது கோளாறு பண்ணா, நான் யாரைக் கேக்கணும்?"

ககேயாமா தலையைச் சொறிந்தார். மலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவளைக் கேளுங்க."

முப்பது வண்டி கேட்டார் ஹொத்தா. எனக்கு அவர் கேட்ட முப்பது காதில் விழவேயில்லை, அவையோரே. அந்த இரண்டு வார்த்தைதான் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று முதல் கடைகளிலிருந்து அஞ்சலட்டை வர ஆரம்பித்தது. எல்லாம் என் பெயருக்கு. ஒரு மீன்காரர், தன் சந்து குறுகலானது, வண்டி எப்போதும் பின்னாலும் போகும்படி செய்து தரமுடியுமா என்று கேட்டிருந்தார். அவருக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். பட்டறை மேலும் நான்கு வருடம் நடந்தது. அப்புறம் மூடினோம். பெரிய கம்பெனிகளோடு முட்டி நிற்க முடியவில்லை; அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அஞ்சலட்டைகள் நிற்கவில்லை. அதனால்தான் இந்த உதிரிபாகக் கடையைப் போட்டேன்.

இப்போது சொல்லுங்கள். எதற்காக நமக்கு இந்த வண்டியைப் பிடித்திருக்கிறது? மூடி போட்டு மறைக்காத எஞ்சின் இது. ஏன் என்று கேட்டால் காட்டுகிற எஞ்சின் இது. படித்தவன் கேட்டாலும் காட்டும், பஞ்சு மூக்கோடு வந்த தறிக்காரி கேட்டாலும் காட்டும். கெட்டுப்போனாலும் கற்றுக்கொடுக்கும், கேலிக்கு ஆளாக்கினாலும் கற்றுக்கொடுக்கும், பின்னால் போனாலும் கற்றுக்கொடுக்கும். கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள், விடை கிடைத்தபிறகும் இன்னொன்று கேளுங்கள். உங்கள் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியைப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்தால், அடிக்கக் கையை ஓங்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பார்த்தாய்" என்று கேளுங்கள்.

தலைவர் பெட்டியின் மூடியைத் தொட்டுவிட்டார். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கு நன்றி. பெரியோரைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கு அதைவிட நன்றி. சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்கு வாருங்கள். அங்கே நாற்பது வண்டிகள் நிற்கின்றன. எதெது பின்னால் போகும், எதெது போகாது என்று எனக்கே தெரியாது. உதைத்துப் பார்ப்போம். எல்லோருக்கும் என் வணக்கம். தயவுசெய்து வண்டிகளுக்குப் பின்னால் மட்டும் யாரும் நிற்கவேண்டாம்.