கூட்டாளி ஆகாத வக்கீலுக்கு ஒரு வாழ்த்துரை

இந்த வாசகசாலையைத் தம் பிள்ளைபோல் வளர்த்து இன்று தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் பெருமதிப்பிற்குரிய பொன்னுதுரை அவர்களே, தெங்கேராவிலிருந்தும் கிளேபாங்கிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்த பெரியவர்களே, கைக்குழந்தைகளோடு பொறுமை காக்கும் தாய்மார்களே, இன்றைய மாலைக்கு உரிய அருமைத் தம்பி ஜெயபாலன் அவர்களே, கணேசமூர்த்தியின் கூப்பிய கரங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்.

லண்டன் சென்று சட்டம் கற்று நம்மூர் காஜா பேராங் திரும்பிய தம்பிக்கு, நான் ஒன்பது ஆண்டுகளாக உழைத்த அதே வெள்ளைத் துரைமார் சட்ட நிறுவனம் வேலைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. திங்கட்கிழமை அவர் கையெழுத்திட வேண்டும். வாழ்த்திப் பேசச் சொன்னார் தலைவர். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் தம்பி காட்டிய அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து என் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை.

"நிரந்தரச் சம்பள வழக்கறிஞர், நிறுவனத்தில் கூட்டாளியாகும் வாய்ப்பு இப்பதவிக்கு இல்லை." இந்த ஒரு வரி என் கடிதத்திலும் இருந்தது. படித்தேனா? படித்தேன். புரிந்துகொண்டேனா? இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்த வழக்கு வந்தாலும் கோப்பின் அட்டையில் துரையின் பெயர்தான் ஏறும். எழுதுவது நான், எழுந்து நிற்பது அவர். சட்டத்தைத் தேடுவது நான், சபாஷ் பெறுவது அவர். அலுவலகம் அனுப்பும் கடிதத்தின் அடியில் கண்ணாடி போட்டுத் தேடினால் என் பெயரின் முதலெழுத்து மட்டும் கிடைக்கும்.

தெங்கேராவிலிருந்து பூங்காவனம் என்றோர் அம்மையார் நில வழக்கோடு வந்தார். "தம்பி, அந்த வெள்ளைக்கார டுவான் வேணாம். நீங்களே கோர்ட்டுல பேசிருங்க" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைக் கையோடு அழைத்துப்போய்த் துரையின் முன்னால் உட்கார வைத்தேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன். என்னை நம்பி வந்த முதல் கட்சிக்காரரை நானே அனுப்பிவிட்டேன், ஐயா. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு நாட்டுக்கு விடுதலை வந்தது. வெள்ளை அதிகாரிகள் கப்பலேறினார்கள். அரசாங்கத்தில் சட்டப் பதவிகள் காலியாயின. நேர்முகத்துக்குப் போனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "உங்கள் பெயரில் நடத்திய வழக்குகள் எத்தனை?" ஒன்பது ஆண்டு உழைப்பு, ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. என்னைவிட ஆறு வயது இளையவர், தனியாகத் தொழில் நடத்துகிறவர், ஒரு பட்டியலை நீட்டினார். பதவி அவருக்குப் போயிற்று.

முன்வரிசையில் தம்பியின் தாயார் சிவகாமசுந்தரி அம்மாள் கேட்கிறார், "நிரந்தர வேலைன்னுதானே சொன்னாங்க?" நிரந்தரம்தான் அம்மா. போன இடத்திலேயே நிரந்தரமாக நின்றுவிடுவாரே என்பதுதான் என் பயம்.

அந்த வேலை பாழ் என்று பழிக்க வரவில்லை. தொழிலை நான் கற்றதே அங்கேதான். தம்பி, போங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: என் பெயரில் வழக்கு நடத்த விடுவீர்களா? எத்தனை ஆண்டில் கூட்டாளியாகலாம்? உள்ளே போனபின் கேட்க நா எழாது. எனக்கு எழவில்லை.

தம்பி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள்.

"அண்ணே, கேட்டுட்டேன்னு வைங்க. முடியாதுன்னு சொல்லிட்டா நான் என்ன செய்றது?"

நியாயமான கேள்வி. நேற்றுக் காலை நானும் துரையிடம் போய்க் கேட்டேன், ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக. அவர் மரியாதையாகத்தான் முடியாது என்றார். நானும் மரியாதையாகவே விலகல் கடிதத்தை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. நான் வேலையை விட்டது என் மனைவி விஜயாவுக்கே இப்போதுதான் தெரிகிறது, அதோ பார்க்கிறார். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடை மாடியில் அறை பிடித்திருக்கிறேன். யாராவது படியேறி வருவார்களா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தம்பி, உங்களுக்கு முடியாது என்று சொன்னால் அந்தப் படியேறி வாருங்கள். சம்பளம் தருவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கூட்டாளி என்று முதல் நாளே எழுதித் தருகிறேன்.

செவி கொடுத்த சபைக்கு நன்றி. வணக்கம்.