‘விட்டேன்’ என்று சொன்னது நானில்லை

என் பெயர் சிவனாண்டி. வயது முப்பத்தெட்டு. தகப்பனார் குருசாமி, காலமாகிவிட்டார். சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் வேலை செய்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். 1953-ம் வருஷம் ஆனி மாதம் கிணற்றில் விழுந்து இறந்துபோன சங்கரபாண்டி விஷயமாக சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன். ஏட்டையா எழுதுகிறார். சொன்னதைச் சுருக்காமல் எழுதும்படி அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

மேற்படி சங்கரபாண்டி பஞ்சு அரவை மில் முதலாளியின் ஒரே மகன். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு வெள்ளைக்கார ஆபீசரிடம் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அது வளைந்து திரும்பி ஓடுகிற பந்தயத்துக்கு ஆன வண்டி அல்ல. நேர்கோட்டில், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடி முடிக்கிற பந்தயத்துக்கு ஆனது. அதற்கு உதைத்துக் கிளப்புகிற கட்டை கிடையாது, பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளுகிற வேலையை என் அண்ணன் மூக்காண்டி பார்த்தார். அவர் குனிந்து கரிசல் மண்ணை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு, ஓட்டுகிறவர் முதுகில் கைவைத்துத் தள்ளுவார். இன்ஜின் பற்றியதும் கையை எடுத்துவிட்டு ‘விட்டேன்’ என்று சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஓட்டுகிறவர் முழு வேகம் திருக வேண்டும். அதுதான் அவர்கள் இருவருக்கும் பேச்சு.

1946-ல் திருவேங்கடம் போகிற பாதையில் பட்டாளத்தார் விமானம் இறங்கப் போட்டுவிட்டுப் போன ஏரோட்ராம் பொட்டலில் பந்தயம் நடந்தபோது, சத்தம் வருவதற்கு முன்பே சங்கரபாண்டி வேகத்தைத் திருகிவிட்டார். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த துண்டு சங்கிலியில் மாட்டி, வண்டியோடு எல்லைக்கோடு வரைக்கும் இழுபட்டார். நான் அந்தக் கோட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். உயிர் இல்லாமல் கிடந்த அவரைத் துண்டிலிருந்து அறுத்து எடுத்தது நான். அதன் பிறகு நடந்த விசாரணையில் சங்கரபாண்டி, ‘விட்டேன்னு சொன்ன சத்தம் என் காதுல விழுந்துச்சு’ என்று சத்தியம் செய்தார். எனக்கு அப்படி ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றேன். தூரத்தில் நின்றவன் பேச்சு எடுபடவில்லை.

இந்த வருஷம் மாசி மாதம் சங்கரபாண்டி என் கொட்டகைக்கு வந்து, ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஜனம் கூடும்போது பந்தயம் வைக்கப் போவதாகவும், பருத்திக்கொட்டைக் கிட்டங்கியில் துருப்பிடித்துக் கிடக்கிற அந்த வண்டியை நான்தான் ஓட வைக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அவர்மேல் விரோதம் உண்டா என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்கிறார். உண்டு. சோறு தின்கிறவனுக்கு இல்லாமல் இருக்குமா? இருந்தாலும் வேறொருவன் அதை அக்கக்காகப் பிரித்து, சக்கரத்தில் இன்னும் சுற்றிக் கிடக்கிற அண்ணன் துண்டைக் கழிவுத்துணியோடு வீசியெறிவதை என்னால் தாங்க முடியாது என்று வேலையை ஒப்புக்கொண்டேன். வண்டி கொட்டகைக்கு வந்த அன்று மத்தியானம் சோறு கொண்டுவந்த மைனி பேச்சித்தாய், அதாவது அண்ணன் சம்சாரம், வண்டியைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘இத ஓட வச்சிட்டா அவுகளும் கூட ஓடி வந்துருவாகளோ, தம்பி?’ என்று கேட்டார். பின்சக்கர அச்சில் சுற்றி இறுகியிருந்த சிவப்புக்கரைத் துண்டு நூலைக் கத்தியால் அறுத்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அதன் பிறகு இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் வளையம் மாற்றி, பிரேக்குக்குப் புதுக் கட்டை வைத்து, இரண்டு டயரும் மதுரையிலிருந்து வரவழைத்து மாட்டினேன். இன்ஜினுக்குள் போட்டது விளக்கெண்ணெய். பந்தய வண்டிக்கு அதுதான் தோது. டாங்கில் ஊற்றியது ஸ்பிரிட். மதுவிலக்கு சமாச்சாரத்தை இதில் கொண்டுவந்து கோர்க்க வேண்டாம். அதற்கு சங்கரபாண்டி பெர்மிட் வாங்கியிருந்தார். போதாததற்கு அதைக் குடித்தவனுக்குக் கண் போய்விடும்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை, மேல்காற்று தூசியை வாரி இறைக்கிறதென்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, சக்கரம் இடறாமல் உருளுகிறதா என்று பார்க்க வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். காலால் உந்தலாம் என்று நினைத்தேன், உந்தவில்லை, அதற்குள் வண்டி நகர்ந்தது. முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. வண்டி சுவர் வரைக்கும் போய் மெதுவாக நின்றது. தரை சாய்வாக இருக்கும் என்று ஒரு பேரிங் குண்டை எடுத்துச் சுவரோரம் விட்டேன். அது சுவரை விட்டு விலகிக் கதவுப் பக்கம் உருண்டு போயிற்று. வண்டி போனது மேட்டுப்பக்கம்.

இதைச் சங்கரபாண்டியிடம் ஒளிக்கவில்லை. ‘மொதலாளி, இந்த வண்டி வேண்டாம், எனக்கு மனசு ஒப்பல’ என்று நேரிலேயே சொன்னேன். அவர் சிரித்து, ‘அப்போ தள்ளுததுக்கு ஆள் தேட வேண்டாம்னு சொல்லும் வே’ என்றார். கிணற்றில் தள்ள நினைக்கிறவன் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பானா என்பதை ஐயா யோசிக்க வேண்டும்.

சம்பவத்தன்று, பந்தயத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பதற்காக, லாரி டிரைவர் ரசூல் வண்டியை ஏரோட்ராம் பொட்டலுக்கு ஏற்றி வந்தான். உச்சிவேளை. ஆனி மாதத்தில் எங்கள் பக்கம் காற்று ஓய்கிற வழக்கம் இல்லை. நாங்கள் வண்டியை இறக்கியதும் காற்று நின்றுவிட்டது. சோளத்தட்டைகூட அசையவில்லை. அதன் பின் ரசூல் தள்ளுவது என்றும், நான் பாதித் தூரத்தில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கவனிப்பது என்றும் பேசி, நான் நடந்துபோய் நின்றேன். சங்கரபாண்டி வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். ரசூல் இன்னும் லாரியின் பின்பலகையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி புறப்பட்டு இன்ஜின் பற்றிக்கொண்டது. விளக்கெண்ணெய்ப் புகை எழும்பியது. பின்னால் தள்ளுகிற ஆள் இல்லை. ரசூல்தான் தள்ளுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சங்கரபாண்டி முழு வேகம் திருகாமல் சத்தத்துக்குக் காத்திருந்தார். சத்தம் வராமல் போகவே திரும்பிப் பார்த்தார். உடனே ‘விடுல! ஏலே, விடுல!’ என்று கத்தினார்.

அதன் பிறகு அவர் இன்ஜினை நிறுத்தினார், பிரேக்கும் போட்டார். பின்சக்கரம் சுற்றாமல் இறுகி, சரளையில் தேய்ந்துகொண்டே வந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. இன்ஜின் சத்தம் இல்லை, காற்றுச் சத்தம் இல்லை, சரளை அரைபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னைத் தாண்டும்போது, ‘சிவனாண்டி! விட்டேன்னு சொல்லச் சொல்லும் வே!’ என்று கும்பிட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை வண்டி நின்றிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. பயத்தால் வரவில்லை என்று எழுத வேண்டாம். பயம் இல்லை.

பின்பு நான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். இதைத்தான் ரசூல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நான் தள்ளிக்கொண்டு ஓடினதாகச் சொல்லியிருக்கிறான். பொட்டல் முடிகிற இடத்தில் இருக்கிற பாழுங்கிணற்றின் கரையில் வண்டி நின்றது. முன்சக்கரம் அந்தரத்தில் இருந்தது. பிடிக்க ஆள் இல்லை, ஆனாலும் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி நின்றது. சங்கரபாண்டி திரும்பாமலே சிறுபிள்ளை மாதிரி அழுதுகொண்டு, ‘மூக்காண்டி, அன்னைக்கு நீ சொல்லவே இல்ல. கேட்டேன்னு நாந்தான் பொய் சொன்னேன்’ என்றார். அப்புறம் ‘விட்டேன்’ என்ற சத்தம் வந்தது. கோபமான குரல் அல்ல. வேலையை முடித்தவன் சொல்கிற சாதாரணக் குரல். வண்டியும் ஆளும் உள்ளே போனார்கள். உடனே காற்றும் அடிக்க ஆரம்பித்தது.

பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். பிடிக்காத பிரேக்குக்குச் சரளையில் கிணறு வரைக்கும் டயர் தேய்ந்த அந்தக் கோடு எப்படி விழும்? ஐயாவே போய்ப் பார்த்தீர்கள். இறந்தவர் சட்டை இந்த மேசைமேல் கிடக்கிறது. முதுகில் இரண்டு உள்ளங்கைத் தடம். என் கையில் அன்று விளக்கெண்ணெய். தடமோ கரிசல் மண். ஒரு ராத்திரி முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் ஊறியும் அது கரையவில்லை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பொருந்துகிறது என்கிறீர்கள். கூடப்பிறந்தவன் கை பொருந்தாமல் இருக்குமா? என்னை உள்ளே வைத்தால் என் வீட்டு அடுப்போடு மைனி வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். அவருக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. அன்று கேட்கவில்லை என்றேன், நம்பவில்லை. இன்று சொல்லவில்லை என்கிறேன், அதையும் நம்பவில்லை.

கடைசியாக, ரசூலை அடுத்த அறையில் உட்கார வைத்து, அவன் பொட்டலில் கேட்ட குரல் என்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ள அந்த வார்த்தையை உரக்கச் சொல்லும்படி சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். குரல் எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றுதான், ரசூல் ஆமாம் என்பான், அதற்குப் பயந்து அல்ல. அண்ணன் விட்டுவிட்டார், அதனால் அவர் சொன்னார். நான் இன்னும் விடவில்லை. விடாததை விட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஏட்டையா எழுதியதை முதலிலிருந்து வாசித்தார், கேட்டேன். கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. நடந்தது இதுதான்.

(ஒப்பம்) கு. சிவனாண்டி