குழிவாயில் கம்பிவலை

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அம்மாபேட்டைக்காரி, புது நகை வாங்கியதைச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

“எங்க காம்பவுண்டுக் கக்கூஸ் குழிக்குக் கம்பிவலை போட்டுட்டோமுங்க்கா. மோட்டாரு இப்ப நிக்கறதே இல்லை.”

“கக்கூசுக்கு எதுக்கு மோட்டாரு?” என்றாள் மடியில் வெற்றிலைக் கூடை வைத்திருந்த, நாமக்கல் பக்கத்து வேலூர்க்காரி.

“பள்ளத்து ஊடுங்க. கழிவுத் தண்ணிய மேல ஏத்தோணும். எல்லா ஊட்டுலயும் தறி, அறுந்த நூலைக் கக்கூசுலயே தண்ணியோட தள்ளி உட்ருவோம். அது மோட்டாருக்குள்ள தலைமுடியாட்டம் சுத்திக்கும். கக்கூஸ் கழுவ வர்ற ராசுதான் குழிக்குள்ள எறங்கி அறுத்தெடுப்பான்.”

“இப்ப அவனுக்கு வேலை மிச்சம்.”

“ஆடியில எறங்குனவன் ஏறலீங்க்கா. வெசக்காத்து. அப்புறந்தான் வலை போட்டோம்.”

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது.

“வலையில நூலு அடைக்காதா?” என்று வேலூர்க்காரி கேட்டாள்.

“அடைக்குமுங்க. தெனமும் காத்தால ராசு சம்சாரம் வந்து கையில அள்ளிப் போட்டுட்டுப் போவா.”

“இன்னுமா நூலைத் தள்ளறீங்க?”

அம்மாபேட்டைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதான் வலை இருக்குதுங்களே.”