உபயப் பலகையில் நம் பெயர், தண்ணீர்ப் பில்லில் அவர் பெயர்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஐயா பொன்னுதுரை அவர்களே! காஜா பேராங் வட்டாரத்தின் கண்ணியம் காக்கும் பெரியோர்களே! கைவேலையைப் போட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடமின்றி ஓரமாய் நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன். வழக்கத்துக்காகத் தாழ்த்தவில்லை, நிமிர்த்த முடியாமல் தாழ்த்துகிறேன்.

நாடு விடுதலை பெற்றபின் வந்த முதல் மாசி மகம்! காவடி சுமந்து வந்த கால்களுக்கு நிழல் கொடுத்தோம். வெயிலில் வறண்டு வந்த வாய்களுக்கு மோர் கொடுத்தோம், பானகம் கொடுத்தோம். அந்தத் தண்ணீர்ப்பந்தலுக்காக நம் வாலிபர் சங்கத்துக்கு இன்று பாராட்டு. செயலாளன் என்று எனக்கும் ஒரு மாலை. அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்கமாட்டீர்களா?

பந்தல் போட்டது யார்? நாம். பானை வாங்கியது யார்? நாம். ‘உபயம்: வாலிபர் சங்கம்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியது யார்? நாம்தான். அந்தப் பானைகளை நிரப்பிய தண்ணீர் யாருடையது?

என்ன தம்பி, குழாய்த் தண்ணீரா? சரிதான். யார் வீட்டுக் குழாய்?

கமலவேணி அம்மையார் வீட்டுக் குழாய்! கணவரை இழந்து, தையல் மெஷினை மிதித்து, இரண்டு பெண்பிள்ளைகளை ஆளாக்கும் அம்மையார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் குழாயை நாம் மூடவே இல்லை.

நம் வரிசை வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. தண்ணீர் ஆபீஸ் ஆள் வந்து பார்த்து, புழக்கத்தை மதிப்பிட்டு எழுதுவதுதான் கட்டணம். பந்தலன்று அவர் வந்தார். அம்மையார் வாசல் நிறையப் பானைகள், தோங்குப் பீப்பாய்கள், டம்ளர்கள்! சாப்பாட்டுக்கடை என்று எண்ணிக் கடைக்குரிய கட்டணத்தைப் போட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை, கண்டதை எழுதினார்.

பில் மும்மடங்கானது. அம்மையார் முறையிடப் போனார். அங்கே கணக்கெழுதும் கிராணி சேதுராமன் நல்லபடியாகத்தான் கேட்டிருக்கிறார்: “மூணு பேரு இருக்கிற வீட்டுல எதுக்கும்மா அவ்வளவு தோங்கு? காரணத்தைச் சொல்லுங்க, பழைய ரேட்டே போட்டுறலாம்.” அம்மையார் வாய் திறக்காமல் திரும்பிவிட்டார். மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் குழாயை வெட்டிவிடுவார்கள்.

சேதி தெரிந்து நேற்று ஓடினேன். “பந்தலுக்குக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றேன்.

“சாமிக்குன்னு குடுத்தத ஆபீஸ்ல சொல்லிக் காட்டிக் கழிச்சுக்கச் சொல்றீங்களாண்ணே? அப்புறம் அது குடுத்ததாகுமா?” என்றார்.

சங்கத்தில் வந்து சொன்னேன். பர்மிட் இல்லாமல் போட்ட பந்தல், வாயைத் திறந்தால் வம்பு என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் கொஞ்சம் தயங்கினேன். வெட்கம்! மோர் விட்ட கைகளுக்கு வெட்கம், மாலை வாங்கிய கழுத்துகளுக்கு வெட்கம்! கொடுத்தவர் சொல்லக்கூடாது என்பது அவருடைய அறம். குடித்தவனும் சொல்லக்கூடாது என்று எந்த அறம் சொல்கிறது?

யாரது, ஜவுளிக்கடை யூசுப் பாயா? “நானுந்தான் அன்னிக்கு மோர் குடிச்சேன், ஆபீஸ்ல சொல்ல நானும் வரேன்” என்கிறீர்களா? வாருங்கள் பாய்! பந்தலே போடாத உங்களுக்கு வந்த துணிவு எங்களுக்கு வரவில்லையே!

நாளைக் காலை ஆபீஸ் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். பர்மிட் இல்லாத குற்றத்துக்கு அபராதம் என்றால் அதைச் சங்கம் கட்டட்டும். குடித்தவர்கள் என்னோடு வாருங்கள்.

அம்மா, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முந்தானையை எடுங்கள். முகத்தை மூடவேண்டியவர்கள் மேடையில் இருக்கிறோம்.

கைதட்டாதீர்கள், இன்று வேண்டாம். கூசிக் குறுகிப் பேசியவனைப் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. நாளை அங்கே வருகிறவர்களுக்கு என் வணக்கம்.