மைத்துனன் கை விட்ட கயிறு

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் ஆவுடையப்பன் அவர்களே, காயலிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் மரக்காயர் பெருமக்களே, கடற்கரைத் தெருக்களிலிருந்து வந்து மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாலைகளின் பாரத்தில் தலைகுனிந்திருக்கும் நூலாசிரியர் அருணாசலவடிவு அவர்களே, வணக்கம்.

இவரும் நானும் ஒரே பள்ளியில் வாத்தியார்கள். நான் வாத்தியாராகவே நரைத்தேன். இவர் மன்னர்களின் வாழ்க்கையை எழுதி மன்னரைப் போல ஆனார். யுத்தத்தில் அரிசிக்குப் பஞ்சம், காகிதத்துக்குப் பஞ்சம். இவர் புத்தகத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. கல்யாண வீட்டில் பரிசு எது? இவர் புத்தகம். ரயிலடியில் விற்பது எது? இவர் புத்தகம். அத்தனைக்கும் பிழை திருத்தியவன் நான். ஒரு முன்னுரையிலும் என் பெயர் இல்லை. அந்தக் குறை எனக்கு உண்டு; மறைக்கவில்லை.

"பாராட்ட வந்தீயளா, ஏச வந்தீயளா?" என்கிறார் பின்னால் ஒருவர். பொறுங்கள் அண்ணாச்சி.

நம் கரையின் முத்துக்குளி வீரன் சந்தியாகு வரலாறுதான் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. கடலில் மூழ்குகிறவனின் கயிற்றை நம் கரையில் யார் பிடிப்பார்? மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? சந்தியாகுவின் கயிறு பாறையில் அறுந்தது. மைத்துனர் மிக்கேல் பின்னாலேயே குதித்து உடலை மீட்டார். இது கரைக்கே தெரியும். ஆனால் நூலில் என்ன இருக்கிறது? பகைவரிடம் கைக்கூலி வாங்கி மிக்கேல் கயிற்றை விட்டாராம்.

ஏன் இப்படி என்று இவரிடமே கேட்டேன். இவர் சிரித்தார். "அண்ணாச்சி, பாறை கொன்னுதுன்னு எழுதினா எவன் வாங்குவான்? கூடப்பொறந்தான் மாதிரி இருந்தவன் கொன்னாத்தான் ஜனங்க அழுவாங்க."

அழுதோம் ஐயா. அழுதுவிட்டு நம்பினோம். அதுதான் நாம் செய்த பாவம். தாத்தன் சொன்னதை விட்டோம். அச்சில் வந்ததைப் பிடித்தோம்.

மிக்கேலின் பேரன் இஞ்ஞாசி இங்கே இருக்கிறார். சங்குக் குளிப்பில் தங்கை கணவர் பாஸ்கலுக்குக் கயிறு பிடித்தவர். போன மாதம் தோணியில் பாஸ்கல் சொன்னார்: "மச்சான், நீ கயித்தத் தொடாண்டாம். ஒங்க தாத்தா செஞ்சது புஸ்தகத்துலயே வந்துட்டுல்லா."

இப்போது கயிறு கூலியாள் கையில். பாஸ்கலின் மனைவி பிளாரன்ஸ் என் வீட்டு வாசலில் நின்றார். "சார், எங்கண்ணன் பிடிச்சா நான் நிம்மதியா கஞ்சி காய்ச்சுவேன். இப்பம் கடலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

நாளை விடியலில் தோணிகள் புறப்படுகின்றன. பாஸ்கல் இதோ இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார். நான் ஆயிரம் சொன்னாலும் நம்பமாட்டார். பொறாமை பிடித்த வாத்தியார் என்பார். எழுதியவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

தலைவர் மணியடிக்கிறார். அடுத்தது ஆசிரியரின் ஏற்புரை. அருணாசலவடிவு அவர்களே, நன்றி சொல்லும் முன், "மிக்கேல் கயிற்றை விடவில்லை" என்று ஒரு வரி சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, வணங்கி, இந்த ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்பிவிட்டு அமர்கிறேன்.